கனரக டீசல் பிக்கப் வாங்கப் போகிறீர்களா? இழுவைத் திறனை ஒப்பிடும் முறை

அமெரிக்காவுக்கு வந்து சில வருடங்கள் ஆனதும் நம்மவர்களில் பலருக்கு கேம்பிங் ஆசை வந்துவிடுகிறது. முதலில் கூடாரம், குழந்தைகள் வந்ததும் ஒரு சின்ன டிரெய்லர், அப்புறம் படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் அடங்கிய முப்பத்தைந்து அடி டிரெய்லர். அதை இழுக்க என்ன வண்டி வாங்கலாம் என்று தேடத் தொடங்கினால், அந்தத் தேடல் கனரக டீசல் பிக்கப்பில் வந்து நிற்கும். அங்கே எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எது அதிகம் இழுக்கும்?"

அதற்கு ஒரே வரியில் பதில் உண்டு. 2025 மாடல்களில் ஃபோர்டு எஃப்-450 அதிகபட்சம் 40,000 பவுண்டு, ராம் 3500 36,610 பவுண்டு, செவர்லே சில்வராடோ 3500 எச்.டி. 36,000 பவுண்டு. கிலோவில் சொன்னால் 16 டன்னிலிருந்து 18 டன் வரை. இப்படிப்பட்ட எண்களை மட்டும் பார்த்துத்தான் நான் என் முதல் டீசல் பிக்கப்பை வாங்கினேன். அது என் டிரெய்லருக்குப் போதாது என்பது எடைமேடையில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. அதே இடத்தில் நீங்களும் போய் நிற்கக்கூடாது. அதனால் நான் பின்னாளில் கற்றுக்கொண்ட வரிசையில், படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: டிரெய்லரிலிருந்து தொடங்குங்கள்

வண்டியை முடிவு செய்துவிட்டு டிரெய்லரைத் தேடுவதுதான் பலரும் செய்வது. அதைத் தலைகீழாக மாற்றுங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் டிரெய்லரின் பக்கவாட்டில், முன்பக்கத்தை ஒட்டி, ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாச் சாமானும் ஏற்றிய பிறகு அந்த டிரெய்லர் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதே அந்த எண்.

விற்பனையாளர் உங்களிடம் வேறொரு எண்ணைச் சொல்வார். அது காலி டிரெய்லரின் எடை. அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 60 கேலன் தொட்டியை நிரப்பினால் அதுவே 500 பவுண்டு. கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், அரிசி மூட்டை, சைக்கிள், மடக்கு நாற்காலி என்று சேரும்போது 1,500 பவுண்டு எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. அதிகாரபூர்வ உச்ச எடையை வைத்தே எல்லாக் கணக்கும் போடுங்கள்.

அடுத்து, அந்த டிரெய்லர் வண்டியில் எப்படிக் கோக்கப்படுகிறது என்று பாருங்கள். பம்பருக்குக் கீழே உள்ள பந்தில் மாட்டுவது ஒரு வகை. பிக்கப்பின் பின்தொட்டிக்குள், பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, டிரெய்லரின் முன்பக்கத்திலிருந்து கீழே நீட்டிய கிங்பின் என்ற தடித்த முளை வந்து பூட்டிக்கொள்வது ஃபிஃப்த் வீல். அதே இடத்தில் பந்து வைத்து, வளைந்த கழுத்து ஒன்று இறங்கி அமர்வது கூஸ்நெக். இதைக் கால்நடை, வைக்கோல், இயந்திரம் ஏற்றுபவர்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள். கம்பெனிகள் பெரிதாகப் போட்டுக் காட்டும் உச்ச இழுவை எண்கள் கூஸ்நெக்குக்கு உரியவை. பம்பர் பந்தில் அதே வண்டி அதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும்.

இரண்டாம் படி: முன்பாரம் கணக்கிடுங்கள்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மூட்டைகளைப் பின்னால் அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்னால் அதிகம் அடுக்கினால் பாரம் முழுதும் மாட்டின் கழுத்தில் இறங்கும். அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி ஒழுங்காக ஓடும். டிரெய்லருக்கும் இதே நியாயம்தான். டிரெய்லரின் மொத்த எடையில் ஒரு பங்கு அதன் சொந்தச் சக்கரங்களில் நிற்காமல் உங்கள் பிக்கப்பின் மேல் அமர்கிறது.

பம்பர் பந்து வகையில் இது 10 முதல் 15 சதவீதம். ஃபிஃப்த் வீலிலும் கூஸ்நெக்கிலும் 15 முதல் 25 சதவீதம். குறைந்தால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் வால் ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் ஒரு அளவைத் தாண்டினால் வண்டியையே புரட்டிவிடும். ஆகவே முன்பாரத்தைக் குறைத்து எடைப் பிரச்சினையைத் தீர்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

14,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் என்றால் 2,800 பவுண்டு. அதைப் பூட்டும் ஹிட்ச் ஒரு 200 பவுண்டு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், தண்ணீர் பாட்டில்கள், கருவிப்பெட்டி எல்லாம் சேர்த்து 600. ஆக மொத்தம் 3,600 பவுண்டு உங்கள் பிக்கப்பின் மேல் அமரப்போகிறது. இந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

மூன்றாம் படி: ஓட்டுநர் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

மொத்த ஒப்பீட்டில் இதுதான் முக்கியமான படி. ஷோரூமில் நிற்கும் எந்த பிக்கப்பிலும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு டயர் ஸ்டிக்கர் இருக்கும். பயணிகளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் அந்த வண்டியின் பேலோடு. அந்த மாடலுக்குப் பொதுவான எண் அல்ல அது. அந்தக் குறிப்பிட்ட வண்டி, அதில் உள்ள சீட்டு, கூரைக் கண்ணாடி, ஃபோர் வீல் டிரைவ் எல்லாவற்றையும் கழித்து அச்சிட்ட எண். பக்கத்தில் நிற்கும் அதே மாடல், அதே நிற வண்டியில் 400 பவுண்டு வித்தியாசம் இருக்கலாம்.

டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைவிடப் பல நூறு பவுண்டு கனம். அந்தக் கனமும் பேலோடிலிருந்துதான் கழிகிறது. அதனால்தான் தோல் சீட்டும் பெரிய திரையும் வைத்த 2500 வகை (கனரக பிக்கப்களில் சிறியது, ஃபோர்டில் எஃப்-250; அதற்கு அடுத்தது 3500, ஃபோர்டில் எஃப்-350) டீசல் நான்கு கதவு வண்டிகளில் ஸ்டிக்கர் 2,000 பவுண்டை ஒட்டி நிற்பதைப் பார்க்கலாம். அதே வண்டியின் விளம்பரத்தில் இழுவை 20,000 பவுண்டை ஒட்டி இருக்கும். 20,000 பவுண்டு ஃபிஃப்த் வீலின் முன்பாரம் மட்டுமே 4,000. ஆக, அந்த வண்டி அந்த டிரெய்லரை இழுக்கும், ஆனால் தாங்காது.

2500 வகையில் ஏன் இப்படி? பல மாநிலங்களில் 10,000 பவுண்டைத் தாண்டிய வண்டிகளுக்குப் பதிவு விதிகள் மாறுகின்றன. அதற்காகவே 2500 வகை வண்டிகள் பலவற்றின் மொத்த எடை வரம்பு (வண்டியும் அதன் மேல் அமரும் எல்லாப் பாரமும் சேர்ந்த உச்ச எடை) அந்த எண்ணிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறது. ஃபோர்டின் எஃப்-250க்கும் ஒற்றைப் பின்சக்கர எஃப்-350க்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை. ராமில் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: 2500இன் பின்பக்கம் காயில் ஸ்பிரிங், 3500இல் பட்டை ஸ்பிரிங். காயில் ஸ்பிரிங் காலியாக ஓட்டும்போது சொகுசு, பட்டை ஸ்பிரிங் பாரத்துக்கு நல்லது. டிரெய்லர் இழுக்க என்றே வாங்குபவர் 2500க்கும் 3500க்கும் இடையில் தயங்கினால், யோசிக்காமல் 3500 எடுங்கள் என்பேன். விலை வித்தியாசம் சிறியது.

பின்பக்கம் பக்கத்துக்கு இரண்டு டயர், மொத்தம் ஆறு டயர் உள்ளது டியூலி. பேலோடு கூடும். அதைவிட, பக்கவாட்டுக் காற்றில் வண்டி தள்ளாடாமல் நிற்கும். ஆனால் வங்கி டிரைவ்-துருவிலும் பள்ளிக்கூட வாசலிலும் அகலம் இடிக்கும், டயர் செலவும் கூடும். ஃபிஃப்த் வீல் 14,000 பவுண்டைத் தொட்டால் டியூலி தேவை என்பது என் கருத்து. அதற்குக் கீழே ஒற்றைச் சக்கர 3500 நன்றாகவே சமாளிக்கும்.

இங்கே எஃப்-450 பற்றி ஒரு வார்த்தை. பேரில் 450 என்று இருப்பதால் எஃப்-350 டியூலியைவிட அதிகம் தாங்கும் என்று நினைப்பார்கள். இரண்டுக்குமே மொத்த எடை வரம்பு 14,000 பவுண்டு. 450க்குக் கனமான முன் ஆக்ஸிலும் 19.5 அங்குல லாரி டயரும் உண்டு. அந்தக் கனம் பேலோடிலிருந்து கழிகிறது. அதிகம் இழுக்க எஃப்-450, அதிகம் சுமக்க எஃப்-350.

நான்காம் படி: எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்

பழைய வண்டி ஏற்கெனவே இருந்தாலோ, நண்பர் வண்டியை வாங்கிச் சோதிக்க முடிந்தாலோ, இந்தப் படியைத் தவறவிடாதீர்கள். நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற பெரிய எடைமேடை இருக்கும். நாடு முழுவதும் 2,000க்கும் மேல் இருக்கின்றன. லாரிக்காரர்கள் இடம் என்று கூச்சப்பட வேண்டாம். பிக்கப்போடு வருபவர்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

மேடை மூன்று தனித் தட்டுகளாக இருக்கும். முன்சக்கரம் முதல் தட்டில், பின்சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்கும்படி மெதுவாக ஓட்டி நிறுத்துங்கள். குடும்பம் முழுவதும் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும். தொட்டியில் டீசல் நிறைந்திருக்கட்டும். ரசீது வாங்கியதும் டிரெய்லரை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியை மட்டும் இன்னொரு முறை எடை போடுங்கள்.

என் முதல் 2500 டீசலின் ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. வண்டி மட்டும்: முன் 4,820, பின் 3,640, மொத்தம் 8,460 பவுண்டு. டிரெய்லரோடு: முன் 4,780, பின் 6,120, டிரெய்லர் சக்கரங்கள் 10,960. வண்டியின் இரண்டு ஆக்ஸிலும் சேர்த்து 10,900. அதிலிருந்து 8,460ஐக் கழித்தால் 2,440, அதுதான் முன்பாரம். 10,960உடன் 2,440 சேர்த்தால் டிரெய்லரின் உண்மை எடை 13,400. முன்பாரம் 18 சதவீதம். எல்லாம் ஒழுங்கு.

ஆனால் அந்த வண்டியின் மொத்த எடை வரம்பு 10,000. நான் 900 பவுண்டு கூடுதலாக ஏற்றி, இரண்டு பிள்ளைகளையும் பின்சீட்டில் வைத்து ஓட்டியிருக்கிறேன். இழுவை வரம்பில் பார்த்தால் இன்னும் 5,000 பவுண்டுக்கு மேல் மிச்சம் இருந்தது. விற்றவர் "இது எதையும் இழுக்கும்" என்றார். அவர் சொன்னது இழுவையைப் பற்றி மட்டும் என்பதும், நான் கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி என்பதும் அந்த மேடையில்தான் புரிந்தது.

ஐந்தாம் படி: பெரிய எண் எப்படி வந்தது என்று பாருங்கள்

ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இழுவை எண்ணைத் தன் முறையில் முடிவு செய்தது. இப்போது எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற பொதுச் சோதனை முறை இருக்கிறது. 2011இல் டொயோட்டா முதலில் அதை ஏற்றது, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அரிசோனாவில் புல்ஹெட் சிட்டியிலிருந்து கோல்டன் வேலி நோக்கி ஏறும் மாநில நெடுஞ்சாலை 68தான் அதன் புகழ்பெற்ற பகுதி. டேவிஸ் டேம் ஏற்றம் என்பார்கள். 11.4 மைல் தூரம், சுமார் 3,000 அடி உயரம், வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், உள்ளே ஏ.சி. முழு வேகத்தில். ஒற்றைச் சக்கர வண்டி மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது, டியூலி 35 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் சூடாகி நிற்கவும் கூடாது. இது தவிர 12 சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை கிளம்பிக் காட்ட வேண்டும், முன்னோக்கியும் பின்னோக்கியும்.

நேர்மையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் தலா 150 பவுண்டு எடையுள்ள இரண்டே பேர். அதோடு கம்பெனி உச்ச எண்ணைச் சொல்லும்போது, இரண்டு கதவு கேபின், பின்சக்கர டிரைவ், டியூலி, ஆடம்பரம் இல்லாத வேலை வண்டி என்று மிகக் குறைந்த கனமுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். நான்கு கதவு, ஃபோர் வீல் டிரைவ், தோல் சீட்டு என்று நாம் வாங்கும் வண்டிக்கு அந்த எண் பல ஆயிரம் பவுண்டு இறங்கும். ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுதோறும் ஒரு டோயிங் கைடு, அதாவது இழுவைக் கையேடு, வெளியிடுகிறது. அதில் உங்கள் கேபின், உங்கள் ஆக்ஸில் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்), உங்கள் இன்ஜின் சந்திக்கும் கட்டத்தைத் தேடி, அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மூன்று கம்பெனி வண்டிகளையும் ஒரே மாதிரி கேபின், ஒரே மாதிரி சக்கர அமைப்பில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஆறாம் படி: டார்க்கையும் குதிரைத்திறனையும் பிரித்துப் பாருங்கள்

ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் ஒரு பவுண்டு விசை கொடுத்துத் திருகினால் அது ஒரு பவுண்டு-அடி டார்க். ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் ஹை அவுட்புட் வி8 இன்ஜின் 1,200 பவுண்டு-அடி, 500 குதிரைத்திறன். சாதாரண பவர் ஸ்ட்ரோக் 1,050, 475. ராமில் உள்ள 6.7 லிட்டர் கம்மின்ஸ் 2025 மாடலில் 1,075 பவுண்டு-அடி, 430 குதிரைத்திறன். செவர்லே, ஜி.எம்.சி. வண்டிகளின் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் 975, 470. ஊர்க்கணக்கில் ஒப்பிட வேண்டுமானால், இன்னோவா கிரிஸ்டா டீசல் மேனுவலின் டார்க் 343 நியூட்டன் மீட்டர். 1,200 பவுண்டு-அடி என்பது 1,627 நியூட்டன் மீட்டர், ஏறக்குறைய ஐந்து இன்னோவா.

நின்ற இடத்திலிருந்து பாரத்தை அசைப்பதும், குறைந்த சுழற்சியிலேயே அலட்டாமல் ஓடுவதும் டார்க்கின் வேலை. மேட்டில் எந்த வேகத்தில் ஏறலாம் என்பதை முடிவு செய்வது குதிரைத்திறன். இரண்டுக்கும் உள்ள உறவு எளியது: டார்க்கை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 5,252ஆல் வகுத்தால் குதிரைத்திறன். கம்மின்ஸ் 1,800 சுழற்சியில் 1,075 பவுண்டு-அடி தருகிறது. கணக்குப் போட்டால் அந்த இடத்தில் 368 குதிரைத்திறன். முழு 430 கிடைக்க அது 2,800 சுழற்சிக்குப் போக வேண்டும்.

இனி உங்கள் டிரெய்லருக்கு எவ்வளவு தேவை என்று நீங்களே கணக்கிடலாம். மொத்த எடையைச் சரிவின் சதவீதத்தால் பெருக்கி, மணிக்கு எத்தனை மைல் என்பதால் பெருக்கி, 375ஆல் வகுங்கள். என் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து சுமார் 22,000 பவுண்டு. 6 சதவீத ஏற்றத்தில் 60 மைல் வேகத்துக்கு: 22,000இல் 6 சதவீதம் 1,320. அதை 60ஆல் பெருக்கி 375ஆல் வகுத்தால் 211 குதிரைத்திறன். காற்றையும் டயர் உராய்வையும் தள்ள இன்னும் ஒரு 100. கியர்பாக்ஸ், ஆக்ஸிலில் விரயமாவதையும் சேர்த்தால் இன்ஜினிலிருந்து 360 போல வேண்டும். மூன்று கம்பெனி இன்ஜினும் அதைத் தரும்.

35,000 பவுண்டு மொத்த எடைக்கு அதே கணக்கைப் போடுங்கள். ஏற்றத்துக்கு மட்டுமே சக்கரத்தில் 336 வேண்டும். காற்று, உராய்வு, விரயம் எல்லாம் சேரும்போது 500ஐயும் தாண்டிவிடும். அந்தப் பாரத்தோடு எந்த வண்டியும் 60 மைலில் ஏறாது, 45 மைலுக்கு இறங்கித்தான் ஏறும். டேவிஸ் டேம் சோதனையில் டியூலிக்கு 35 மைல் போதும் என்று வைத்ததன் காரணம் இப்போது விளங்கும்.

குடும்பத்தோடு ஃபிஃப்த் வீல் இழுப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி பெரியது. நம் எடைக்கு மூன்று இன்ஜினும் போதுமானவை. ஆயிரமா, ஆயிரத்து இருநூறா என்ற சண்டையில் நேரம் செலவழிப்பதைவிட, ஸ்டிக்கரில் 800 பவுண்டு அதிகம் உள்ள வண்டியைத் தேடுவது பலன் தரும்.

இன்ஜின் குணம் பற்றியும் சொல்ல வேண்டும். கம்மின்ஸ் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் இன்ஜின், பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் (ஸ்ட்ரோக்) 124 மில்லிமீட்டர். ஊரில் ஜெனரேட்டரில் கேட்ட பெயர்தான், அதே அமெரிக்கக் கம்பெனி. 1989இலிருந்து டாட்ஜ், ராம் பிக்கப்களில் இருக்கிறது. 2019இல் முதன்முதலில் 1,000 பவுண்டு-அடியைத் தொட்ட பிக்கப் இன்ஜினும் இதுவே. குறைந்த சுழற்சியில் நிதானமாக இழுக்கும். டியூராமேக்ஸும் பவர் ஸ்ட்ரோக்கும் வி8, சுழற்சி ஏற ஏற வேகம் எடுக்கும். எனக்குக் கம்மின்ஸின் அந்த நிதானம் பிடிக்கும். ஆனால் கொலராடோ மலைகளில் அடிக்கடி ஓட்டுபவருக்கு வி8 இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன். அங்கே ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் கடல் மட்டத்திலிருந்து 11,158 அடியில் இருக்கிறது, ஏறும் சரிவு 7 சதவீதம். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் பலம் இழந்து, அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். டர்போ டீசல் தன் பலத்தில் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளும். டீசலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் சுமார் 10,000 டாலருக்கும் மேலான விலைக்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணம் இதுவும், அடுத்த படியில் வரும் பிரேக்கும்தான்.

ஆக்ஸில் விகிதத்தைக் கடைசியில் பாருங்கள். 3.73க்குப் பதில் 4.10 எடுத்தால் சக்கரத்தில் 10 சதவீதம் கூடுதல் டார்க், அதே அளவு கூடுதல் இன்ஜின் சுழற்சி. எட்டு, பத்து கியர் பெட்டிகள் வந்த பிறகு இந்த வித்தியாசம் முன்பு போலப் பெரிதாகத் தெரிவதில்லை.

ஏழாம் படி: இறக்கத்தில் சோதியுங்கள்

ஏறும்போது பலம் போதாவிட்டால் மெதுவாகப் போகலாம். இறங்கும்போது பலம் போதாவிட்டால் நிற்க முடியாது. ஐசன்ஹோவர் சுரங்கத்திலிருந்து சில்வர்தார்ன் நோக்கி இறங்கும் பக்கத்தில், பிரேக் பிடிக்காத லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே மணல், சரளை போட்ட சரிவுப் பாதைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே 13,000 பவுண்டு டிரெய்லரோடு இறங்குவது ஒரு தனி அனுபவம்.

மூன்று டீசலிலும் எக்ஸாஸ்ட் பிரேக் உண்டு. டர்போவின் உள்தகடுகள் நெருங்கிப் புகை வழியை மறிக்க, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டோ/ஹால் பட்டனையும் (பாரம் இழுப்பதற்கு ஏற்றபடி கியர் மாற்றத்தை அமைப்பது) எக்ஸாஸ்ட் பிரேக்கையும் போட்டு, இறக்கத்தின் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு இறங்குங்கள். அடிவாரம் வருவதற்குள் எத்தனை முறை காலால் பிரேக் அழுத்த வேண்டியிருந்தது என்று எண்ணுங்கள். இரண்டு வண்டிகளை ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே இறங்க வேண்டியிருந்தால் அந்த வண்டி உங்கள் பாரத்துக்குச் சரியில்லை.

டிரெய்லரின் சொந்த பிரேக்கையும் ஊர் எல்லைக்குள்ளேயே சோதித்துவிடுங்கள். டாஷ்போர்டில் உள்ள கன்ட்ரோலரைக் கையால் அழுத்தினால், டிரெய்லர் பிரேக் மட்டுமே பிடித்து வண்டியை மெதுவாக்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டால் அளவைக் குறையுங்கள், உணர்வே இல்லை என்றால் கூட்டுங்கள்.

எட்டாம் படி: ஒரே சாலையில், உங்கள் டிரெய்லரோடு ஓட்டிப் பாருங்கள்

காலி பிக்கப்பை ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய முடியாது. காலியாக எல்லாமே பறக்கும். உங்கள் டிரெய்லரை மாட்டி ஓட்ட அனுமதிக்கும் டீலரைத் தேடுங்கள், இருக்கிறார்கள். இல்லாவிட்டால் அதே வண்டி வைத்திருக்கும் நண்பரைக் கேளுங்கள். ஒரே நாளில், காற்று மாறுவதற்குள், ஒரே மேட்டில் இரண்டு வண்டியையும் ஏற்றுங்கள். உச்சியில் என்ன வேகம், எந்தக் கியர், கியர் ஆயில் சூடு எவ்வளவு என்று பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் முழு நீளமும் தெரிகிறதா? பெரிய லாரி கடந்து போகும்போது ஸ்டீயரிங் எவ்வளவு ஆடுகிறது? பின்னோக்கி வைக்கும்போது கேமரா உதவுகிறதா? காகிதத்தில் சமமாக இருந்த இரண்டு வண்டிகள் இங்கே பிரிந்துவிடும். மைலேஜை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கனமான ஃபிஃப்த் வீலோடு எல்லாமே கேலனுக்கு 8 முதல் 12 மைலுக்குள்தான் தரும். கலிஃபோர்னியாவில் டிரெய்லரோடு போனால் உச்ச வேகம் 55 மைல்தான், அங்கே கொஞ்சம் கூடலாம்.

ஒன்பதாம் படி: லைசன்ஸ்

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் மாநில விதியைப் படியுங்கள். கலிஃபோர்னியாவில் 15,000 பவுண்டைத் தாண்டும் ஃபிஃப்த் வீலுக்கு நான்-கமர்ஷியல் ஏ வகுப்பு லைசன்ஸ் வேண்டும். டெக்சாஸில் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த அதிகாரபூர்வ எடை 26,001 பவுண்டோ அதற்கு மேலோ இருந்து, டிரெய்லர் மட்டும் 10,000ஐத் தாண்டினால், சொந்த உபயோகத்துக்கும் ஏ வகுப்பு வேண்டும்.

என் விஷயத்தில் அப்படித்தான் ஆனது. எடைமேடை ரசீதுக்குப் பிறகு 2500ஐ விற்றுவிட்டு, 14,000 பவுண்டு வரம்புள்ள 3500 டியூலி வாங்கினேன். டிரெய்லரின் 14,000ஐச் சேர்த்தால் 28,000. பழைய லைசன்ஸில் அதை ஓட்ட முடியாது. கையேட்டை இரண்டு வாரம் படித்து, எழுத்துத் தேர்வு எழுதி, அதே டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஓட்டுநர் தேர்வுக்குப் போனேன். தேர்வாளர் வண்டியைச் சுற்றி நடந்து வந்து, கிங்பின் பூட்டு விழுந்திருக்கிறதா, பிரேக் கம்பி சரியாக இருக்கிறதா, டயர் காற்று எவ்வளவு என்று ஒவ்வொன்றாக என்னையே காட்டச் சொன்னார். அன்று அவர் கேட்ட அதே வரிசையில்தான் இன்றும் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் நான் வண்டியைச் சுற்றி வருகிறேன். கிளம்பி இருபது மைலில் ஒருமுறை நிறுத்தி, டிரெய்லர் சக்கரங்களின் நடுப்பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அந்தப் பயணத்தை அங்கேயே நிறுத்திவிடுவேன்.